விசில் அடித்த பிறகு: பிடிபட்ட கார் எப்படி வீடு வந்து சேர்கிறது?

ராத்திரி பதினொன்றரை மணி. சென்னை அடையாறில் மத்திய கைலாஷ் அருகே போலீஸ் தடுப்பு போட்டு ஊதச் சொல்கிறார்கள். கருவி 30-ஐத் தாண்டிக் காட்டுகிறது. கார் சாவி கைமாறுகிறது. “ஃபைனைக் கட்டினா வண்டியக் குடுத்துடுவாங்க” என்று கூட வந்தவர் தேற்றுவார். அது பாதிதான் சரி. அந்த இரவோடு வண்டி, லைசென்ஸ், வழக்கு மூன்றும் மூன்று பக்கமாகப் பிரிந்துவிடுகின்றன. சமையலறைக் குக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் எளிதாகப் பிடிபடும்.

விசில்

குக்கருக்குள் எவ்வளவு அழுத்தம் என்று யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. வெளியே முட்டும் ஆவியே சொல்லிவிடும். ஊதும் கருவியும் அப்படித்தான். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் நுரையீரல் வழியாக மூச்சில் கலக்கிறது. 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் அளவு, சுமார் 2,100 மில்லி மூச்சில் இருக்கும் என்று கருவி கணக்குப் போடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் குற்றம். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்ற சமாதானம் விசிலுக்குக் கேட்காது.

அடுப்பை அணைப்பது

காரைப் பிடித்து வைப்பது அடுப்பை அணைக்கும் வேலை. ஓட்டுநரைக் கைது செய்யும் காவலர், வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தலாம் என்கிறது 202-ஆவது பிரிவு. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் இதை இன்னும் தெளிவாக்கியது: குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவர் ஓட்டிச் செல்லட்டும், இல்லையென்றால் உறவினரை அழைக்கட்டும், யாருமே வராவிட்டால்தான் வண்டி காவலில் இருக்க வேண்டும். அது அந்த மாநிலத்துத் தீர்ப்பு என்றாலும், அடையாறில் நிற்பவரும் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

சாவியைக் கொடுக்கும் முன் வீட்டுச் சாவி, பர்ஸ், லேப்டாப், மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாததைப் போலீஸ் தரும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காரின் நான்கு பக்கம், கிலோமீட்டர், பெட்ரோல் முள் ஆகியவற்றைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கும், எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஆவி அடங்குவது

குக்கரைக் குழாயடியில் காட்டினால் ஆவி சட்டென்று அடங்கும். உடம்புக்கு அந்த வசதி இல்லை. கல்லீரல் 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் இறக்கும். கருவி 120 காட்டியிருந்தால், 30-க்கு வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஸ்டிராங் காபியும் தலைக்குக் குளியலும் இதை விரைவுபடுத்தாது. விடிகாலையில் வண்டி கேட்டுப் போய் நிற்பதில் பயனில்லை.

மூடி திறப்பது

வண்டியை மீட்கப் போகும்போது, பிடிபட்ட அன்று தந்த சீட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். கூடவே லைசென்ஸ் உள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். உங்கள் லைசென்ஸ் போலீஸிடம் இருந்தால் வண்டியை எடுக்கப் போகிறவர் அவர்தான். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

விபத்தும் நடந்திருந்தால் கதை வேறு. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிக்க வேண்டும். விடுவிக்க நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அப்போதும் வழக்கு முடியும்வரை கார் துருப்பிடிக்க வேண்டியதில்லை. படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விடுவிக்கச் சொல்லி 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் போதையில் ஓட்டி நசுங்கிய சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் எதிர்பார்க்காதீர்கள். பாலிசியிலேயே விலக்கு இருக்கும்.

அடிப்பிடித்ததைத் தேய்ப்பது

மூடி திறந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல்முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் புதிய தொகை தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடையாறு வழக்குகளுக்குப் பெரும்பாலும் சைதாப்பேட்டை நீதிமன்றம்தான். எந்த நீதிமன்றம் என்பதில் சீட்டில் இருப்பதே இறுதி. அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால், நீதிமன்ற ஆணையோடு அசையும் சொத்தில் கைவைக்கவும் வழி உண்டு. லைசென்ஸை நிறுத்தி வைப்பது ஆர்.டி.ஓ.வின் தனி நடவடிக்கை. அபராதம் கட்டியதால் அது தானாக நீங்காது.

அபராத ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வழக்கு முடிந்ததற்கு அது சான்று. குற்றம் முடிவானதற்கும் அதுவே சான்று: அடுத்த முறை பிடிபட்டால் அது இரண்டாவது குற்றம். அப்போது 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை என்று கணக்கு மாறும்.