எடுப்பில் காத்திருக்கும் இன்பம்

மார்கழிக் கச்சேரியில் ரசிகர்கள் மேடைக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுகளில் பெரும்பாலும் ஒரு பாட்டின் பெயர்தான் இருக்கும். போன வருஷம் பாடிய அந்தத் தோடி ராக ஆலாபனையை அப்படியே இன்னொரு தடவை பாடுங்கள் என்று கேட்க வழியில்லை. அது அந்த நேரத்தில் பிறந்து அந்த நேரத்திலேயே முடிந்துபோனது. பாட்டுக்குப் பெயர் உண்டு, வரிகள் உண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்கலாம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பின்வரிசைகள் காலியாகி கேண்டீன் நிரம்புவதோ சபாக்களின் பழைய நகைச்சுவை.

இதை வைத்துக்கொண்டு, சாதாரண ரசிகருக்குப் பாட்டு, விஷயம் தெரிந்தவருக்கு மேடையிலேயே கற்பனையில் பிறக்கும் மனோதர்மம் என்று பாகம் பிரித்துவிடுகிறோம். அதே அரங்கில், அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று பல்லவியில் வந்து சேரும் நொடியைப் பாருங்கள். ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவரும் தன்னை மறந்து கை தட்டுகிறார். அவருக்குப் புரிந்தது என்ன?

இசையைக் கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பங்கேற்றவர்களைத் தங்களுக்கு மெய்சிலிர்க்க வைக்கும் விருப்பமான இசையைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது அவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். சிலிர்ப்பு வந்த கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருந்த நேரத்தில், வேறொரு பகுதியிலும் அது சுரந்திருந்தது. காத்திருப்பதற்கும் ஒரு கூலி உண்டு.

எல்லாக் காத்திருப்பும் ஒரே மாதிரி இனிப்பதில்லை. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை நுட்பமாகக் காட்டியது. 745 அமெரிக்கப் பாப் பாடல்களிலிருந்து சுமார் 80,000 கார்டுகளை (பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் சேர்க்கைகளை) எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பார்க்கத் தக்கது என்று கணினியைக் கொண்டு அளந்தார்கள். பிறகு வரிகளையும் மெட்டையும் நீக்கிவிட்டுக் கார்டுகளை மட்டும் ஒலிக்கச் செய்து கேட்டவர்களின் இன்பத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்தது என்ன என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் எதிர்பாராதது வந்தால் இன்பம். அடுத்தது என்ன என்று தெரியாமல் தவிக்கும் இடத்தில், அதிர்ச்சி தராத ஒன்று வந்தால் இன்பம்.

ஆய்வு மேற்கத்திய இசையைப் பற்றியது. ஆனாலும் இந்த இரண்டு வழிகளையும் நம் கச்சேரியில் தேடினால் அடையாளம் கண்டுவிடலாம்.

முதல் வழி கீர்த்தனையினுடையது. தியாகராஜரின் கீர்த்தனைகளில் பல்லவி முதலில் எளிமையாக வரும். பிறகு சங்கதிமேல் சங்கதியாக, அதே வரியின் ஒரு மூலை மட்டும் மாறும். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும். எது மாறாது என்று தெரிந்திருப்பதால்தான் மாறியது பளிச்சென்று காதில் விழுகிறது. பாட்டைப் பலமுறை கேட்டவருக்கு அந்த மாற்றமும் மனப்பாடம். அவர் காத்திருந்து வாங்கிக்கொள்கிறார். திருவையாற்றில் நடக்கும் அவருடைய ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாக அவரது பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட முடிவதும் எல்லாம் முன்பே தீர்மானமாகியிருப்பதால்தான்.

ஆலாபனை இரண்டாம் வழி. தாளம் இல்லை, சொல் இல்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது. அடுத்த நொடி இருட்டு. பாடகர் மத்திய ஸ்தாயியில் சுற்றிச் சுற்றி, மேல் ஷட்ஜத்தைத் தொடுவதுபோல் போய்த் திரும்பி, கடைசியில் அங்கே ஏறி நிற்கும்போது அரங்கமே நிமிர்கிறது. தம்புராவில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் ஷட்ஜத்தில் குரல் போய்ச் சேர்ந்ததை உணர ஸ்வரஞானம் வேண்டியதில்லை.

அப்படியானால் தேர்ந்த ரசிகருக்கும் சாதாரண ரசிகருக்கும் என்ன வித்தியாசம்? எதிர்பார்ப்பின் அளவுதான். தேர்ந்தவர் பிடிக்குப் பிடி எதிர்பார்க்கிறார். மற்றவர் பெரிய திருப்பங்களில் மட்டும். அந்த எதிர்பார்ப்பையும் பாடம் படித்துத்தான் பெற வேண்டும் என்றில்லை. எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் அசைகளை ஓடவிட்டால், எந்த அசைக்குப் பின் எது வரும் என்று கண்டுகொள்கின்றன என்பதை 1996-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சினிமாப் பாட்டில் கல்யாணி ராகத்தையும் மோகன ராகத்தையும் ஆண்டுக்கணக்கில் கேட்ட காது, பெயர் தெரியாமலே அவற்றின் நடமாட்டத்தைப் பழகி வைத்திருக்கும்.

நாகஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குக் கிடைத்த புகழை வேறெப்படி விளக்குவது? சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் மணிக்கணக்கில் ராகம் வாசிக்கும். கேட்டு நின்ற கூட்டத்தில் எத்தனை பேர் சங்கீதம் படித்தவர்கள்? வரியே இல்லாத, முழுக்க முழுக்கக் கற்பனையான இசைக்குத் தெருவே ரசிகர். விருப்பமானபோது வந்து நிற்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், போகலாம். மூன்று மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்காரும் கட்டாயம் இல்லை.

சபா மேடைக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. இன்றைய கச்சேரிப் பத்ததியை அமைத்தவர் என்று சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஆலாபனைகளைச் சுருக்கி, பாட்டுகளை அதிகமாக்கி, துக்கடாக்கள் எனப்படும் சிறு பாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார். தெரியாததில் ரசிகர் களைக்கும் முன் தெரிந்தது வந்துவிடும்.

தெரிந்ததும் தெரியாததும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடம் கல்பனாஸ்வரம். ஸ்வரம் எங்கே சுற்றினாலும் பாட்டின் வரி தொடங்கும் எடுப்புக்கு வந்தாக வேண்டும். ஆதி தாளத்தில் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. பாட்டு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ததிங்கிணதொம்' என்ற தாளச் சொற்கட்டு 5 மாத்திரை. இரண்டு சேர்ந்தால் 10. அதை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 10, 1, 10, 1, 10: சரியாக 32. அடுத்த தட்டில் பல்லவி.

ஏன் மூன்று முறை? முதல் முறை அது வெறும் ஒலி. இரண்டாம் முறை அறிமுகம். மூன்றாம் முறை அது முடியும் இடத்தைக் கேட்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். அமெரிக்க இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ், பெரியோ, கார்ட்டர் போன்ற நவீன இசையமைப்பாளர்களின் படைப்புகளில் சில பகுதிகளை வெட்டித் திரும்ப வரும்படி ஒட்டிப் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் மூலத்தைவிட அதையே அதிகம் விரும்பினார்கள். மனத்தில் தோன்றியதை வாசிக்கும் கலைஞர் மூன்று முறை சொல்லும்போது, அந்தக் கணத்திலேயே கேட்பவருக்கு ஒரு சின்னப் பாட்டைக் கற்றுக்கொடுத்து, உடனே அதில் பரீட்சையும் வைக்கிறார். எல்லோரும் தேறிவிடுவதால்தான் அந்தக் கைதட்டல்.

தனி ஆவர்த்தனத்தில் கூட்டம் எழுந்துபோவதற்கும் காரணம் இப்போது பிடிபடும். அங்கே மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. மிச்சம் இருப்பது தாளம் ஒன்றுதான். கையில் தாளம் இல்லாதவருக்கு எதிர்பார்க்க எதுவுமில்லை, ஆகவே ஏமாறவும் வியக்கவும் எதுவுமில்லை. அடுத்த கச்சேரியில் மிருதங்கம் தனியாகத் தொடங்கும்போது தொடையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். சொற்கட்டுகளைத் துரத்த வேண்டாம். எட்டாவது எண்ணிக்கை முடிந்து முதல் தட்டு விழும் இடத்தை மட்டும் விடாமல் வைத்திருங்கள். மற்றதை மிருதங்கக்காரர் கொண்டுவந்து சேர்ப்பார். காபி பத்து நிமிடம் பொறுக்கும்.