எள்ளும் வெல்லமும், கணக்கில் வராத ஒரு பிற்பகலும்

தை பிறக்கும் வாரத்தில் பெங்களூரின் வங்கிக் கிளைகளில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். பாஸ்புக்கில் பதிவு செய்துகொள்ள வந்த அம்மையார் ஒருவர், தம் வேலை முடிந்ததும் உடனே புறப்பட்டுவிட மாட்டார். கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கவுண்டரில் வைப்பார். அதற்குள் வறுத்த எள், நிலக்கடலை, பொட்டுக்கடலை, பொடியாக நறுக்கிய கொப்பரை, வெல்லத் துண்டுகள். அவற்றுக்கு மேலே வெள்ளைச் சர்க்கரையில் வார்த்த ஒரு கிளியோ யானையோ துளசி மாடமோ இருக்கும். கன்னடத்தில் இதற்கு ‘எள்ளு பெல்ல’ என்று பெயர். எள்ளையும் வெல்லத்தையும் தின்று நல்ல சொற்களையே பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது இந்த நாட்டு மரபு. கடன் தவணையை நினைவூட்டுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது மிகவும் பொருத்தமான அறிவுரை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் இந்தப் பொட்டலத்தை நீட்டும் கை ஒரு தமிழ்க் குடும்பத்தின் கையாகவும் இருக்கும். நகரின் கிழக்கே, காக்ஸ் டவுனை அடுத்துள்ள இந்தப் பகுதியின் வரலாறு கண்டோன்மென்டின் வரலாற்றோடு பிணைந்தது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தம் படைத்தளத்தை அமைத்தபோது, படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் கட்டட வேலையாட்களாகவும் தமிழர்கள் திரளாக வந்து குடியேறினார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு அந்த வரவு இன்னும் எளிதாயிற்று. பழைய நகரமும் கண்டோன்மென்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. அடுப்படிகள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. காலையில் பொங்கல் பானை பொங்கிய வீட்டிலிருந்தே மாலையில் எள்ளு பெல்லத் தட்டும் புறப்படும் வழக்கம் இந்தப் பகுதியில் வேர்கொண்டுவிட்டது.

இந்தப் பொட்டலம் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வெளியே பார்ப்பதற்கு இது ஐந்து பொருள்களின் எளிய கலவை. சமைக்கும் வேலை மிகக் குறைவு. பெரும்பகுதியும் நறுக்கும் வேலைதான். கொப்பரையின் பழுப்புத் தோலை முழுவதும் சீவி எடுக்க வேண்டும். வெள்ளைப் பகுதியை மெல்லிய சீவல்களாக அரிந்து, அவற்றை மீண்டும் குறுக்கே நறுக்க வேண்டும். வெல்லத்தைக் கத்தியால் வெட்டினால் தூளாகிவிடும் என்பதால் பாக்குவெட்டியால் சிறு சிறு கட்டிகளாக வெட்டுவார்கள். தாம்பூலம் தரிப்பவர் யாரும் இல்லாத வீடுகளில்கூடப் பாக்குவெட்டி இன்னும் பத்திரமாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நறுக்கிய கொப்பரையையும் வெல்லத்தையும் இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துவார்கள். ஈரம் எஞ்சியிருந்தால் வெல்லம் கசிந்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். கொப்பரையில் காறல் வாடை வந்துவிடும். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைக்க வேண்டும். எள்ளை மட்டும் கடைசியில் வறுப்பது நல்லது. அது பொரியும் ஓசை நின்றதும் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் கசக்கும்.

சர்க்கரை அச்சு இதைவிட நுட்பமானது. மரத்தில் குடைந்த அச்சுகள் இரண்டு மூன்று பகுதிகளாக இருக்கும். அவற்றைப் பொருத்தி நூலாலோ ரப்பர் வளையத்தாலோ கட்டுவார்கள். முந்தைய இரவே அச்சுகளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த மரம் பாகின் ஈரத்தை உறிஞ்சிச் சர்க்கரையைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஊறிய மரம் விட்டுக்கொடுக்கும். சர்க்கரையை அது மூழ்கும் அளவு நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, இரண்டு கரண்டி பாலை ஊற்றினால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அந்த நுரையை நீக்கி, துணியில் வடிகட்டினால் பாகு தெளிந்துவிடும்.

இதன் பிறகு வருவதுதான் கைப்பக்குவம். தெளிந்த பாகில் ஓரிரு கரண்டியை மட்டும் சிறிய பாத்திரத்தில் எடுத்து மீண்டும் காய்ச்ச வேண்டும். நீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வரும் பதத்தில், பாத்திரத்தின் பக்கச் சுவரில் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிபோல் இருந்த பாகு மெல்ல மங்கிப் பால்நிறம் காட்டும். அந்தக் கணத்தில் அச்சில் ஊற்ற வேண்டும். நீர் சுண்டச் சுண்ட, தன்னால் கரைத்து வைத்திருக்கக்கூடிய அளவைவிட மிகுதியான சர்க்கரை பாகில் தங்கிவிடுகிறது. தேய்க்கும்போது அது நுண்ணிய படிகங்களாக உதிரத் தொடங்குகிறது. ஒரு படிகம் தோன்றினால் அதைத் தொற்றிக்கொண்டு ஆயிரம் படிகங்கள் தோன்றும். முன்னதாக ஊற்றினால் அச்சுக்குள் இறுகாது. சற்றுப் பிந்தினால் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும். எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழிந்துவிட்டால் இன்னொரு சங்கடம் நேரும். புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் படிகம் உருவாவதே தடைபடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பாகு பாகாகவே இருக்கும்.

முதல் வார்ப்பு உடையாமல் வந்தது என்று சொல்பவரை நாம் முழுவதும் நம்ப வேண்டியதில்லை. யானையின் துதிக்கை அச்சிலேயே தங்கிவிடும். கிளியின் அலகு முறியும். முறிந்தவற்றையெல்லாம் பாத்திரத்தில் போட்டு மீண்டும் காய்ச்சலாம், அல்லது காப்பியில் கரைக்கலாம். சர்க்கரையில் செய்யும் கைவினைக்கு இது ஒரு பெரிய வசதி. எதுவும் வீணாவதில்லை என்பதால் குழந்தைகளையும் துணிந்து பக்கத்தில் உட்கார வைக்கலாம், அடுப்பிலிருக்கும் பாகை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வித்தை கன்னட நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளையொட்டி இதே முறையில் மர அச்சுகளில் சர்க்கரைப் பொம்மைகளை வார்க்கிறார்கள். மெக்சிகோவில் நவம்பர் முதல் வாரத்தில் முன்னோரை நினைவுகூரும் நாள்களுக்காகச் சர்க்கரையில் மண்டையோடுகள் செய்து வண்ணம் தீட்டுகிறார்கள். தமிழ்நாட்டுத் திருமணங்களில் கூம்பு வடிவக் கூட்டில் பாகு வார்த்துச் செய்யும் பருப்புத் தேங்காயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஜீவனஹள்ளியின் சுற்றுப்புறத்தில் ஆண்டின் கைவேலை சனவரியில் தொடங்கி சனவரியிலேயே முடிந்துவிடுவதில்லை. நவராத்திரிக் கொலுவின் பொம்மைகள் கடையிலிருந்து வரலாம். ஆனால் படிக்குக் கீழே மணல் பரப்பி, சில நாள் முன்பே கேழ்வரகையோ வெந்தயத்தையோ விதைத்து முளைக்கவிட்டு அமைக்கும் பூங்கா பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் கைவண்ணம். சோப்பு டப்பா அதில் பேருந்து ஆகும். பழைய கைக்கண்ணாடி குளம் ஆகும். பிறகு டிசம்பரில் கிறித்தவக் குடும்பங்களில் குல்குல் தொடங்கும். மைதா, தேங்காய்ப்பால், முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ இதற்கென்றே வாங்கிய புதிய சீப்பிலோ அழுத்திச் சுருட்டினால் வரிவரியான சங்கு கிடைக்கும். ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்தால் அது தண்டனை. ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது. அச்சு முறுக்கும் அதே மாதத்தில்தான். இரும்பு அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடாக்கி, மாவில் முக்கால் பங்கு மட்டும் தோய்க்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. விளிம்பைத் தாண்டி முழுக்கத் தோய்த்தால் அச்சைவிட்டுக் கழலாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பது நியாயமே. எள்ளு பெல்ல இப்போது கடைகளில் ஆயத்தப் பொட்டலமாகக் கிடைக்கிறது; குல்குல்லும் கிடைக்கிறது. வங்கியாளர் முறையில் கணக்குப் போட்டால் வீட்டில் செய்வது நட்டம்தான். பொருள்களின் விலையோடு, கொப்பரை சீவிய பிற்பகலுக்கும் பாகு கிளறிய மாலைக்கும் கூலி சேர்த்துப் பாருங்கள். கடைப் பொட்டலம் மலிவாகத் தோன்றும். வீட்டில் செய்தால் சிக்கனம் என்று சொல்லி நாம் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கணக்கேட்டில் ஒரு வரவு விடுபட்டுப் போகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 658 இளைஞர்களை 13 நாள்களுக்கு நாட்குறிப்பு எழுதச் செய்து, 2016-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னுவது, வரைவது, புதிய பலகாரம் செய்து பார்ப்பது போன்ற சிறு படைப்பு வேலைகளில் வழக்கத்தைவிட மிகுதியாக ஈடுபட்ட நாளுக்கு மறுநாள், அவர்களுடைய உற்சாகமும் மன நிறைவும் கூடியிருந்தன. முந்தைய நாளின் உற்சாகம் மறுநாளின் படைப்பு வேலையைக் கூட்டியதாகத் தெரியவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. மனம் நன்றாக இருக்கும்போது செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். 2012-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், காகிதத்தில் கொக்கும் தவளையும் மடித்தவர்கள் தம் கோணல்மாணலான உருவங்களுக்கு, வல்லுநர் மடித்தவற்றுக்கு ஏறத்தாழ இணையான விலை தர முன்வந்தார்கள். வெளியாருக்கோ அவை வெறும் கசங்கிய காகிதம். இதில் ஒரு நிபந்தனையும் உண்டு: தொடங்கிய வேலையை முடித்திருக்க வேண்டும். பாதியில் விட்ட பொருள்மீது அந்தப் பற்று வளர்வதில்லை. ஆகவே முதல் ஆண்டிலேயே ஐந்து கிலோ எள்ளு பெல்லவுக்குத் திட்டமிடாமல், அரைக்கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைப்பக்குவம் வாய்த்தவர்களை நோக்கி இந்நாளில் விரைவாக ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: “இவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களே, விற்கலாமே?” பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். வங்கியின் இதழ் இதற்கு உடனே ஆமாம் என்று சொல்லும் என நீங்கள் எதிர்பார்க்கலாம். விற்க விரும்புவோருக்கு வழிகள் இருப்பதும் உண்மைதான். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கடன் பெறலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம், குயவர், தையற்கலைஞர், பொம்மை செய்வோர், கூடை பாய் முடைவோர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு உரியது. முதல் தவணையாக ஒரு லட்சமும் இரண்டாம் தவணையாக இரண்டு லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கிடைக்கும். பலகாரத் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. தின்பண்டம் விற்பவர், விற்பனை சிறியதாயினும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகும், கேள்விக்கு மறுப்புச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்றே கருதுகிறோம். விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிளிக்கும் அலகு இருந்தாக வேண்டும். இருநூறாவது பொட்டலம் முதல் பொட்டலத்தைப் போலவே இருக்க வேண்டும். பாக்குவெட்டியோடு உட்கார்ந்து அரட்டை அடித்த பிற்பகல் உற்பத்தி நேரமாக மாறும். அந்த மாற்றத்தை விரும்பி ஏற்பவர்கள் தாராளமாக எம் கிளைக்கு வரட்டும். மற்றவர்கள், தம் கைத்திறன் வருமானமாகவில்லையே என்று குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு தெருவில் பதினைந்து வீடுகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே கலவையைக் கொடுத்து வாங்கிக்கொள்வதில் பொருளாதார நோக்கில் ஒன்றுமே நிகழவில்லை. மாலையில் ஒவ்வொரு வீட்டிலும் பதினான்கு பொட்டலங்கள் சேர்ந்திருக்கும். யார் வீட்டில் கொப்பரை பொடியாக நறுக்கப்பட்டிருந்தது, யார் எள்ளைக் கருகவிட்டார் என்ற பேச்சு மாசி வரை ஓடும்.

இந்த ஆண்டு தொடங்க விரும்புவோர் அச்சு இல்லையே என்று தயங்க வேண்டாம். பழைய குடும்பம் எதையேனும் கேட்டால் இரவல் கிடைக்கும். திருப்பித் தரும் முன் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். செதுக்கின் இடுக்குகளில் சர்க்கரை தங்கினால் எறும்பு வரும். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும். நிழலில் உலர்த்தி, எந்தப் பகுதி எதனோடு பொருந்தும் என்பது மறந்துபோகாதபடி ஒவ்வோர் அச்சையும் அதன் நூலாலேயே கட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள்.