டயர் வெடித்தது ஏன்? கோர்ட்டில் ஓர் இன்ஜினீயர்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் "வைரஸ்தான்" என்று உடனே சொல்லிவிடுபவர்கள் உண்டு. சாஃப்ட்வேர் எழுதும் என்னைப் போன்றவர்கள் அவர்களிடம் கேட்பது, "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதைத்தான். 1999-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டிலும் இதே கேள்விதான் எழுந்தது.

உடைந்த இரும்பு, கிழிந்த ரப்பர், கருகிய பிளாஸ்டிக் இவற்றைச் சோதித்து, கோளாறு தயாரிப்பிலா, பயன்படுத்திய விதத்திலா என்று கோர்ட்டில் கூறுபவர் நிபுணர் சாட்சி. மற்ற சாட்சிகள் பொதுவாகக் கண்டதைத்தான் சொல்வார்கள். இவர் தன் கருத்தையும் சொல்லலாம். அதனால்தான் கடிவாளமும் தேவைப்படுகிறது.

1993 ஜூலையில் ஒரு மினி வேனின் பின் டயர் வெடித்து, பயணி ஒருவர் இறந்தார். சிலர் படுகாயம் அடைந்தனர். கும்ஹோ டயர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். டயரோ 1988-ல் தயாரானது. வேன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டயரின் பட்டன் சில இடங்களில் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. பஞ்சர்களும் சரியாக ஒட்டப்படவில்லை.

வழக்குப் போட்டவர்களின் நிபுணர் சாதாரண ஆள் அல்ல. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் முதுநிலைப் பட்டம், மிஷலின் நிறுவனத்தில் 10 வருட அனுபவம். அவருடைய கணக்கு இதுதான்: காற்று குறைவாகவோ பாரம் அதிகமாகவோ ஓட்டிய டயரில் 4 அடையாளங்கள் தெரியும். ஓரத்தில் அதிகத் தேய்மானம், பக்கவாட்டில் நிறமாற்றம், ரிம் பதிந்த தடம் போன்றவை. குறைந்தபட்சம் 2 அடையாளங்களாவது தெரியாவிட்டால், தயாரிப்புக் குறைதான்.

இந்த டயரில் நான்குமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தன! "அந்த அளவு போதாது" என்றார் அவர். எவ்வளவு இருந்தால் போதும்? பார்ப்பதும் தடவிப் பார்ப்பதும்தான் அளவுகோல். டயர் எத்தனை ஆயிரம் மைல் ஓடியது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. போட்டோக்களைப் பார்த்தே முதலில் முடிவுக்கு வந்திருந்தார். டயரை நேரில் பார்த்தது வாக்குமூலம் கொடுத்த அன்று காலையில்தான்.

அவருடைய தகுதியைக் கோர்ட் சந்தேகிக்கவில்லை. முறையைத்தான் சந்தேகித்தது. இந்த முறை சோதிக்கப்பட்டதா? துறையில் மற்றவர்கள் ஏற்கிறார்களா? எவ்வளவு தவறு வரும்? விஞ்ஞானிகளிடம் இப்படிக் கேட்கலாம் என்று 1993-லேயே இன்னொரு வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. இன்ஜினீயர்களுக்கும் அது பொருந்தும் என்றது இந்தத் தீர்ப்பு. சாட்சியம் நின்றுபோனது; வழக்கும் தோற்றது. அந்தக் குடும்பத்தை நினைத்தால் கஷ்டமாக இருந்தாலும், தீர்ப்பு சரி என்பதே என் எண்ணம்.

உங்கள் மதர்போர்டில் கண்டென்சர் உப்பிப்போனாலும் இதே சிக்கல்தான். உள்ளே இருக்கும் திரவம் மட்டமா, கேபினெட்டில் காற்றோட்டம் இல்லாமல் சூடானதா? அதே பேட்ச் கண்டென்சரை அதே சூட்டில் ஓட்டிப் பார்த்தால் விடை தெரியலாம். அதுவரை போர்டைக் கழற்றி சால்டர் வைக்காதீர்கள். போட்டோ எடுத்து, பில்லோடு பத்திரமாக வையுங்கள்.