கடலைத் தேர்ந்தெடுத்தால் ஊர் தானாக வரும்: கோடிங் தெரியாமலே டிராப்டவுன் அமைப்பது எப்படி?

பட்டா, சிட்டா பார்க்க தமிழக அரசின் இ-சேவை இணையதளத்துக்குப் போனவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். முதலில் மாவட்டம். ராமநாதபுரம் என்று தேர்ந்தெடுத்தால் அதன் 9 வட்டங்கள் மட்டும் வரும். ராமேஸ்வரம் வட்டத்தைத் தொட்டால் அதன் கிராமங்கள் மட்டும் வரும். இப்படி முதல் பதிலைப் பார்த்து அடுத்த பட்டியல் மாறுவதைத்தான் 'சார்பு டிராப்டவுன்' என்கிறார்கள்.

ஏர்டேபிள் போன்ற நோ-கோட் செயலிகளில் இதை நாமே செய்துவிடலாம். ஒரு வரி கோடிங்கூட வேண்டாம்.

யாருக்கு இது உதவும்?

ஒரு மீனவர் சங்கம் படகுப் பட்டியல் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம் கரையில் இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடா பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் மன்னார் வளைகுடா பக்கம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வெறுமனே 'மண்டபம்' என்று எழுதினால் எந்தக் கரை?

ஒருவர் 'மண்டபம் வ.' என்பார், இன்னொருவர் 'வடக்கு மண்டபம்' என்பார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஊர். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்ற அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அப்படிப்பட்ட உதவிக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு குடும்பம் விடுபட்டுப் போனால், அது வெறும் எழுத்துப்பிழை இல்லை.

எப்படி அமைப்பது?

1. 'கடல்' என்று ஒரு அட்டவணை. அதில் இரண்டே வரிசை: பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா.

2. 'இறங்குதளம்' என்று இரண்டாவது அட்டவணை. ஒவ்வொரு ஊரையும் அதன் கடலோடு இணையுங்கள். 'மண்டபம் வடக்கு', 'மண்டபம் தெற்கு' இரண்டும் தனித்தனி வரிசை.

3. 'படகு' மூன்றாவது அட்டவணை. இதில் கடல், இறங்குதளம் என இரண்டு இணைப்புப் புலங்கள் வேண்டும். சாதாரண 'ஒற்றைத் தேர்வு' புலம் போட்டால் வேலைக்கு ஆகாது. அதற்கு எந்த ஊர் எந்தக் கடல் என்று தெரியாது.

4. இறங்குதளம் புலத்தின் அமைப்புக்குள் போய், நிபந்தனைப்படி வடிகட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். நிபந்தனை: இறங்குதளத்தின் கடலும், இந்தப் படகு வரிசையில் உள்ள கடலும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 'பாக் விரிகுடா' என்று நேரடியாகக் கொடுத்துவிட்டால் எல்லா வரிசைக்கும் அதே பட்டியல்தான் வரும். பக்கத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தொட்டு, வரிசைக்கு வரிசை மாறும் நிபந்தனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவைத் தேர்ந்தெடுத்தால் இனி தொண்டி பட்டியலில் வராது.

எங்கே கோட்டை விடுவோம்?

கடலைப் பிறகு மாற்றினால், ஏற்கெனவே தேர்ந்த ஊர் தானாக அழியாது. மன்னார் வளைகுடா பக்கத்தில் தொண்டி அப்படியே நிற்கும். இதைப் பிடிக்க, இறங்குதளத்தின் கடலை லுக்அப் புலமாகக் கொண்டுவந்து, தேர்ந்த கடலோடு ஒப்பிட்டு 'பொருந்தவில்லை' என்று காட்டும் ஒரு சூத்திரம் போதும். எக்செல்லிலிருந்து மொத்தமாக ஒட்டும் பதிவுகளையும் இதே முறையில் சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு விஷயம்: பத்துப் பன்னிரண்டு ஊர்தான் என்றால் இவ்வளவும் தேவையே இல்லை. ஊரை மட்டும் தேர்ந்தெடுத்தால் கடல் லுக்அப்பில் தானாக வந்துவிடும். பட்டியல் நீளமாகி, ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டி வரும்போதுதான் இரண்டு படி டிராப்டவுனுக்கு உண்மையான வேலை.