விழித்திரையில் ஒரு கிழிசல்

இருட்டறையில் நுழைந்ததும் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது போன்ற ஓர் ஒளி. மறுநாட் காலை பத்திரிகையை விரித்தால், எழுத்துக்களின் மேல் நுளம்புகள் பறப்பது போலக் கரும்புள்ளிகள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இது நேர்ந்தால் அவர் என்ன செய்வார்? கண்ணைக் கழுவுவார், பித்தம் என்பார், மிஞ்சினால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவார். வலிதான் இல்லையே! ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. விழித்திரைக்கு வலியுணர்ச்சி கிடையாது. கிழிந்தாலும் அது நோவதில்லை.

கண்ணின் உட்புறத்தில் இளநீர் வழுக்கை போன்றதொரு பொருள் நிறைந்திருக்கிறது. வயதேற ஏற அது இளகிச் சுருங்கி, பின்னாலுள்ள விழித்திரையை விட்டு விலகும். பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. எங்கேனும் அது இறுகப் பற்றியிருந்தாலோ, விலகும்போது திரையையும் இழுத்துக் கிழித்துவிடும். கடுமையான கிட்டப்பார்வை உடையோருக்கும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கும், கண்ணில் அடிபட்டோருக்கும் இவ்வபாயம் அதிகம். காலி வீதிச் சுவரிலே சினிமா விளம்பரம் ஒன்று கிழிந்தால், மழைநீர் உட்புகுந்து முழுத்தாளையும் கழற்றிவிடுகிறதல்லவா? கண்ணிலும் அதே கதைதான். கிழிசலினூடே நீர் புகுந்து திரையைப் பிரித்தெடுக்கும். அப்போது பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து நிழல் படரத் தொடங்கும்.

திரை கழன்றால் பார்வை போயிற்றென்றே முற்காலத்து வைத்தியர்கள் கைவிட்டனர். கிழிசலே மூலகாரணம், அதை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்று 1920ஆம் ஆண்டளவில் செய்து காட்டியவர் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனான். சூட்டுக்கோலால் அவர் சுட்டு அடைத்தார். சகவைத்தியர்கள் நம்புவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இன்று லேசர் ஒளி அவ்வேலையைச் சில நிமிடங்களில் செய்கிறது. திரை கழன்ற பின்னரோ பெரிய சத்திரசிகிச்சையே வேண்டும். நடுப்பார்வைப் பகுதியும் கழன்றுவிட்டால் பழைய பார்வை முற்றாகத் திரும்புவது அரிது.

டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கத்தால் நமது நாடு உலகெங்கும் பெயர் பெற்றது. ஆயினும் தானக் கண்ணிலிருந்து பொருத்திப் பார்வை தருவது முன்புறத்து விழிவெண்படலத்தையே. விழித்திரைக்கு மாற்றுத்திரை கிடையாது.

ஆகையால் மின்னலும் புள்ளிகளும் திடீரெனத் தோன்றினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். லிப்டன் சுற்றுவட்டத்தருகே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டுத்தான் திரையைப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வாகனம் ஓட்ட இயலாது. துணைக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.