காலிக் கப்பல் கொட்டிய எண்ணெய்

2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் தீவின் தென்கிழக்கே பவளத்திட்டில் ஏறி நின்றது வகாஷியோ. ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், பறந்தது பனாமா கொடி. சரக்கு ஏற்றப் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்ததால் உள்ளே காலி. கைப்பேசி சிக்னலுக்காகக் கரையை ஒட்டி ஓட்டியது விசாரணையில் வெளிவந்தது. பன்னிரண்டாம் நாள் எரிபொருள் தொட்டி உடைந்து சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, எண்ணெயை மறிக்கக் கடலில் மிதக்கவிட்டார்கள்.

எண்ணெய்க் கப்பல் உடைந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் அதிகம். எந்தப் பெரிய கப்பலும் தான் எரிக்கவே ஆயிரக்கணக்கான டன் கொண்டுபோகலாம். இந்த எரிபொருள் கசிந்தால் இழப்பீடு கிடைக்கவென்றே 2001-இல் உருவாகி 2008-இல் நடைமுறைக்கு வந்தது பங்கர் (கப்பல் எரிபொருள்) உடன்படிக்கை. மொரீஷியஸும் அதில் சேர்ந்த நாடு.

இதன்படி பாதிக்கப்பட்டவர் கப்பல்காரரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணெய் அந்தக் கப்பலுடையது, நஷ்டம் அதனால் வந்தது என்று காட்டினால் போதும். போர், மிக அசாதாரணமான இயற்கைச் சீற்றம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பதிவு உரிமையாளரோடு, கப்பலை நிர்வகிப்பவரும் இயக்குபவரும்கூடப் பொறுப்பாளிகள். 1,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டாளர் மீதே நேரடியாக வழக்குப் போடலாம் என்பதுதான் இதில் மிகப் பெரிய பலம். உரிமையாளர் கையை விரித்தாலும் வழி அடைபடாது.

பலவீனம் தொகையில் இருக்கிறது. எண்ணெய்க் கப்பல் விபத்தில் காப்பீட்டுக்கு மேலே போகும் நஷ்டத்துக்குத் தனி சர்வதேச நிதியம் உண்டு. எரிபொருள் கசிவுக்கு அது கிடையாது. கப்பலின் அளவை வைத்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. அதை வகுத்தது 1976-இன் தனி உடன்படிக்கை; அதன் 1996 திருத்தம் அந்த வரம்பைக் கணிசமாக உயர்த்தியது. ஜப்பான் அந்தத் திருத்தத்தை ஏற்றிருந்தது; மொரீஷியஸ் 1976-இன் பழைய வரம்பிலேயே நின்றது. எந்த வரம்பு பொருந்தும் என்ற சர்ச்சை அங்கேதான் கிளம்பியது. கடற்கரை நாடு ஒன்று கையெழுத்துப் போடாமல் தள்ளிப்போட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் மீனவர்தான்.

வலை, படகுச் சேதம், துப்புரவுச் செலவு, தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்பு எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாம். சுற்றுச்சூழல் இழப்புக்கோ, அதைச் சீர்செய்யும் நியாயமான செலவு மட்டும்தான். எண்ணெய் படிந்த வலையைத் தூக்கி எறிவதற்கு முன் தேதியோடு படமெடுத்து, ஒரு துண்டையாவது பத்திரப்படுத்த வேண்டும். முந்தைய மாதங்களின் மீன் விற்பனைச் சீட்டு இல்லாமல் வருமான இழப்பைக் காட்டுவது கடினம். சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் பதிய வேண்டும். விபத்து நடந்து ஆறு ஆண்டு கடந்துவிட்டால் எந்தக் காரணம் சொன்னாலும் உரிமை போய்விடும்.