பிறமொழி வகுப்பும் யாப்பெண்ணிக்கையும்

கட்டளைக் கலித்துறையின் ஓரடி, நேரசை முதலாயின் ஒற்று நீங்கலாக 16 எழுத்தும், நிரையசை முதலாயின் 17 எழுத்தும் பெறும். பல பாடல்களைக் கணிப்பொறி கொண்டு இங்ஙனம் எண்ணப் புகுவார்க்கு முதற்கண் தோன்றும் இடர், பொறி நம்மைப்போல் எழுத்தெண்ணாமையே. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் அஃது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்.

எழுத்தெல்லை காணும் வகுப்பொன்று ஐசியு4ஜே என்னும் ஜாவா நூலகத்துள் உளது. வகுப்பாவது, தரவையும் அதன்மேல் நிகழும் செயல்களையும் ஒருங்கே கட்டிய வார்ப்பு. 'பிரேக் இட்டரேட்டர்' என்பது இவ்வகுப்பின் பெயர். குறுநிரல் எழுத எளிதாகிய பைத்தானில் இருந்துகொண்டே இதனைப் பயன்கொள்ள உதவுவது ஜைத்தான். ஜிம் ஹியூகுனின் 1997-இல் இதனைத் தொடங்கியபோது ஜேபைத்தான் எனப் பெயர் பெற்றிருந்தது. இது பைத்தான் நிரலை ஜாவாப் பொறிக்குரிய பைட்குறியாக மாற்றும். இருமொழியும் ஒரே பொறியில் இயங்குதலின், நூலகக் கோப்பு தேடுவழியில் இருப்பின், 'இம்போர்ட்' என்னும் ஆணை ஒன்றே வகுப்பை வருவிக்கப் போதும்.

ஆயினும் ஈண்டு ஒன்று கருதற்பாலது. வடசொல் தமிழில் வருங்கால் தன் எழுத்தை விடுத்துத் தமிழெழுத்தை ஏற்கும். வந்த வகுப்போ அழைக்கும் முறையில் மட்டுமே பைத்தானுக்கு இணங்கும். இயல்பில் ஜாவாவினதாகவே நிற்கும். அடுத்த எல்லையைக் கேட்டால் அஃது எழுத்தைத் தாராது, இட எண்ணையே தரும். முடிவில் -1 எனக் கூறும். அவ்வெண்ணை முடிவென்று உணராத நிரல் பிழைபடும். சரமும் யூனிகோடு வகையினதாதல் வேண்டும். ஜைத்தான் சார்ந்துள்ள பைத்தான் 2.7-இல் வெறுஞ்சரம் பைட்டுகளின் தொடரே. யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' 15 பைட்டுகளாகும். அவற்றை அவ்வாறே ஒப்படைப்பின் எல்லைகள் யாவும் பிறழும்.

இனி, இவ்வகுப்பு த, மி, ழ் எனப் பிரித்துத் தரும். ழகர ஒற்றை நீக்குக என்னும் விதியை அஃது அறியாது. புள்ளியில் முடிவனவற்றைக் கழிப்பதும், முதலசை நேரோ நிரையோ என ஆய்வதும் நம் நிரலின் கடன். எழுத்தைப் பிரித்தல் இரவல் வகுப்பின் தொழில்; யாப்பை அறிதல் நம் தொழில். இவ்வெல்லையை மறந்து, பொறி தந்த எண்ணையே சான்றாகக் கொண்டு பாடலைப் பிழையென்று திருத்துவோமாயின், அது பதிப்புக்கே ஊறாய் முடியும்.